மூணு தும்பியும் ஒரு இஞ்ச் டேப்பும்

ஜூன் 9, ஞாயிறு

லோகு எனக்குக் கார் வாங்கித் தர்றானாம்.

மத்தியானம் சோத்துக்கு உக்காந்தப்ப, ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னான். "தாரணி, உனக்கொரு வண்டி எடுத்துரலாம்னு இருக்கேன். சின்னதா. எது வேணும்னு பாத்துச் சொல்லு." அப்பளத்தை ஒடிச்ச கை அப்படியே நின்னுருச்சு. என்ற அண்ணனுக்கு முப்பத்தஞ்சு வயசாகுது. இத்தனை வருஷத்துல அவனா எனக்குன்னு வாங்கியாந்தது ஒரே ஒரு நகவெட்டி.

"என்ன திடீர்னு?"ன்னேன்.

"செப்டம்பர்ல கல்யாணம் வருதுல்ல. நானும் அவளும் கோயமுத்தூர் போயிட்டா உனக்கொரு வசதி வேணுமில்ல?"

அம்மா மோர் எடுத்துட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போச்சு. மோர் டேபிள் மேலதான் இருந்துச்சு.

சரி, எனக்கென்ன. கார் பாக்கற கணக்கை எழுதி வெக்கத்தான் இந்த டைரி, வேற எதுவும் எழுதப் போறதில்ல. ரெண்டு வயசுல வந்த போலியோவுல கால் ரெண்டும் பேருக்குத்தான் இருக்குது. கை ரெண்டும் கெட்டியான கை. திருப்பூர்ல பனியன் கம்பெனியில பேட்டர்ன் போடறேன், அதாவது துணி வெட்டறதுக்கு முன்னால கம்ப்யூட்டர்ல அளவு போடற வேலை. அவிநாசியில இருந்து கம்பெனி வேன்ல போய் வாரேன். டிரைவர் பழனிச்சாமியண்ணன் காலையில என்னைத் தூக்கி உள்ள வெப்பார், சாயங்காலம் தூக்கி எறக்குவார். நல்ல மனுஷன். ஆனாலும் அரிசி மூட்டைக்குக் கூட ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தூக்கு விழுகாது.

எந்த வண்டிங்கறதுல எனக்குக் கொழப்பமே இல்ல. தும்பி தான். நம்ம ஊர்ல பாதிப் பேர் கார் பழகுனதே தும்பியில. இதுவரைக்கும் மூணு தலைமுறை வந்திருக்குது. மொதல்ல வந்தது நெட்டையா, பீரோவைப் படுக்கப் போடாம நிறுத்தி வெச்ச மாதிரி. ரெண்டாவது தாழ்வா, வழுக்கிக்கிட்டு நிக்கும். மூணாவது இப்ப ஷோரூம்ல இருக்கறது. மூணையும் பாத்துட்டுத்தான் முடிவு.

சாயங்காலம் பெரியப்பா மக வெண்ணிலாக்கா வந்து ஜாக்கெட் வெட்டித் தரச் சொல்லி அளவு குடுத்துட்டுப் போச்சு. மாம்பழ நெறத்துல கனமான பட்டு. "கல்யாணத்துக்கு இத்தனை கனத்துல எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். "சும்மா தான்"னுச்சு.

ஜூன் 11, செவ்வாய்

பர்மிசன் போட்டுட்டு ஷோரூம் போனோம். புதுத் தும்பி, சிவப்புல. பாக்க லட்சணம் தான், பொய் சொல்லக்கூடாது.

சேல்ஸ் தம்பி லோகுகிட்டயே பேசிட்டு இருந்தான். மைலேஜ் லோகுவுக்கு. டிக்கி லோகுவுக்கு. எனக்குன்னு வந்தது ஒரே வார்த்தை தான்: "மேடம் பின்னாடி சீட்ல சௌரியமா உக்காந்துக்கலாங்க."

நான் பையில இருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். அவன் மூஞ்சியைப் பாக்கோணுமே! புடவைக் கடைன்னு நெனச்சு வந்துட்டாளோன்னு சந்தேகம் வந்துருச்சு அவனுக்கு.

என்ற வீல்சேர் சீட்டு தரையில இருந்து பத்தொம்பது இஞ்ச். புதுத் தும்பி டிரைவர் சீட்டு இருபத்து மூணு. நாலு இஞ்ச் மேல தாவோணும். தாவிருவேன், ஆனா சீட்டோட ரெண்டு ஓரமும் மேடு கட்டி வெச்சிருக்கான், தொடை அதுல முட்டி நின்னுக்குது. கதவுக்குக் கீழ இருக்கற திட்டும் அகலம். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கை வெக்கறதுக்குன்னு ஒரு பெட்டி. வீல்சேரைக் கழட்டி மடி மேல தூக்கி அந்தப் பக்கத்து சீட்டுல வெக்கோணுமில்ல? பெட்டி வழிமறிக்குது.

நல்லதும் எழுதறேன். கியர் தானா மாறிக்குது, கிளட்ச் தொல்லை இல்ல. ஏசி ஜில்லுனு மூஞ்சியில அடிக்குது. மேல கண்ணாடி திறந்தா வானம் தெரியும்னான். வானம் எனக்கு வீல்சேர்லயே தெரியுதுப்பான்னேன்.

"டிரைவர் சீட்டை எதுக்குடி அளக்கறே?"ன்னான் லோகு. "பெரியப்பா தோட்டத்துல கதிரேசன் இருக்கான்ல, அவனை டிரைவரா போட்டுரலாம்."

பர்ஸைத் திறந்து லைசென்ஸை எடுத்து நீட்டுனேன். போன வருஷமே வாங்குனது. ஞாயித்துக்கெழமை ஓவர்டைம்னு சொல்லிட்டு ஈரோடு போய் அன்வர் அண்ணன்கிட்ட பழகுனேன். அவரு எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கையாலயே பிரேக்கு, ஆக்சிலேட்டர் போடற மாதிரி வண்டிக்கு லீவர் மாட்டித் தர்றவரு. கத்தும் குடுப்பாரு.

லோகு லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கலயே."

ஜூன் 14, வெள்ளி

பழனிச்சாமியண்ணன் லீவு. மாத்து டிரைவர் தூக்கி வெச்சான், சாயங்காலம் அவனே எறக்குனான். வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை குளிச்சேன். இன்னிக்கு வெயில் ஜாஸ்தி.

ஜூன் 16, ஞாயிறு

கோயமுத்தூர்ல பழைய வண்டி விக்கற எடத்துக்குப் போனோம். புரோக்கர் ரெண்டாவது தும்பி ஒண்ணைக் காட்டினான். வெள்ளை. "டாக்டரம்மா ஓட்டுனதுங்க. சிங்கிள் ஓனர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தவிர வேற எங்கயும் போகல." இந்தத் தமிழ்நாட்டுல விக்கற பழைய வண்டி அத்தனையும் டாக்டரம்மா ஓட்டுனது தான். அந்தம்மாங்க எப்பத்தான் ஊசி போட்டாங்களோ தெரியல.

லோகு பேசிக்கிட்டே வந்து, கேக்காம கொள்ளாம என்னைத் தூக்கி டிரைவர் சீட்டுல உக்கார வெச்சுட்டான். அவனுக்கு அது பழக்கம். அப்பா இருந்த வரைக்கும் அப்பா தூக்குனாரு, அப்பறம் இவன். நானே ஏறிப் பாக்கத்தானே வந்தேன்னு சொல்ல வாயெடுத்தேன். அவன் குஷியா இருந்தான், விட்டுட்டேன்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தேன். யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டாங்க, அதனால யாரும் அதைக் கழுவறதும் இல்ல. அடியில பெல்ட்டு முழுக்கச் சேத்துக் கோடு.

"ஏனுங்க, டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு ஆத்து வழியா போனாங்களா?"ன்னேன். வெள்ளத்துல முங்கி எந்திரிச்ச வண்டி அது. புரோக்கர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "அம்மிணிக்கு லொள்ளு ஜாஸ்திங்"ன்னான். லோகு விழுந்து விழுந்து சிரிச்சான். சின்ன வயசுல சிரிச்ச மாதிரி, மூக்குல சத்தம் வர. வர்ற வழியில பேக்கரியில நிறுத்தித் தேங்காய் பன் வாங்கிக் குடுத்தான். இன்னிக்கு நல்ல நாள்னு எழுதிக்கறேன்.

ரெண்டாவது தும்பியோட அளவு: சீட்டு பதினேழு இஞ்ச். சேர்ல இருந்து எறங்கறது சுலபம். திரும்பி ஏறறது தான் மலை. கூரை சாஞ்சு வருது, தலை இடிக்குது. சீட்டு மட்டும் மெத்துனு இருக்குது.

ஜூன் 23, ஞாயிறு

வெண்ணிலாக்கா ஜாக்கெட்டைப் போட்டுப் பாக்க வந்துச்சு. கழுத்து சரி, இடுப்பு சரி. கையைத் தூக்கிப் பாத்துட்டு, "அக்குள்ல கொஞ்சம் லூசு விடு தாரணி. சீருக்கு நிக்கறப்ப கையை நீட்டிட்டே இருக்கோணுமில்ல"ன்னுச்சு.

"எந்தச் சீருக்குக்கா?"

அக்கா மூஞ்சி செத்துப் போச்சு. "உன்ற கிட்ட சொல்லலயா? சொல்லிட்டோம்னாங்களே."

இணைச்சீருக்கு. எங்க பக்கம் மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ செய்யற சீரு. கூறைப்புடவையோட ஒரு முனை அவன் கையில, மறு முனை அவ கையில. புதுசா ஒருத்தி வர்றா, ஆனாலும் உன்னை விட்டுற மாட்டேன்னு ஊரறிய அண்ணன் தங்கச்சிக்குச் சொல்லறது. லோகுவுக்குக் கூடப் பொறந்தவ நான் ஒருத்தி தான். எனக்கு எட்டு வயசா இருக்கறப்ப வாழைநாரைப் புடிச்சுக்கிட்டு நானும் அவனும் இந்தச் சீரை வெளையாடியிருக்கோம்.

அம்மாகிட்டக் கேட்டேன். அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "மேடையில நின்னு செய்யறது கண்ணு. உன்னைத் தூக்கிட்டுப் போய், ஒறம்பரை சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாக்க, நீ கூச்சப்படுவியேன்னுதான்"னுச்சு.

"நான் கூச்சப்படுவேன்னு நீ எப்பப் பாத்தே? கூச்சம் உனக்கா எனக்கா?"

லோகு உள்ள வந்தான். "பொண்ணு வீட்டுல ஒரு மாதிரி நெனச்சுக்கறாங்க தாரணி. போட்டோ, வீடியோன்னு வருது. அதுக்குத்தான் உனக்குக் கார் வாங்கித் தர்றேன்ல?"

அதுக்குத்தான். சொன்னவனுக்கே அது காதுல விழுந்திருக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். தேங்காய் பன் வாங்கிக் குடுத்தப்பவும் இது அவனுக்குத் தெரியும். சீட் பெல்ட்டுக்குச் சிரிச்சப்பவும் தெரியும்.

அழுதேன். வேற எதுவும் எழுத மாட்டேன்னு சொன்னேன், எழுதிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

கார் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

கார் வேணும். அவன் வாங்கித் தர்றது வேண்டாம்.

சீரும் நான்தான் செய்யப் போறேன். ரெண்டையும் சமையக்கட்டு வாசல்ல நின்னு, ரெண்டு பேரு காதுலயும் விழற மாதிரி சொன்னேன். நின்னுன்னா, என்ற நின்னு. அம்மா குக்கர் விசிலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. லோகு, "அடம் புடிக்காதடி"ன்னான். புடிப்பேன். காலு புடிக்காததுக்கும் சேத்து அடத்தைப் புடிக்கறேன்னு சொன்னேன்.

ஜூலை 7, ஞாயிறு

அன்வர் அண்ணன்கூடப் போய் மொதல் தலைமுறைத் தும்பி ஒண்ணைப் பாத்தேன். ஊத்துக்குளி ரோட்டுல ஸ்டெல்லான்னு ஒரு நர்ஸம்மாவோடது. அந்தம்மா மறைக்கவே இல்ல. "ஏசி பேருக்கு ஓடும் தங்கம், காத்து வராது. கதவுக்கு அடியில துரு இருக்கு. பவர் ஸ்டீரிங் இருக்கு, ஆனா திருப்புறப்ப ஒரு முனகல் சத்தம் வரும், அதைக் கண்டுக்காதே." இப்படி விக்கற ஆளை நான் பாத்ததே இல்ல.

நெறம் ஒரு மாதிரிச் சாம்பல். முன் பம்பர்ல யாரோ கடிச்ச மாதிரி ஒரு பள்ளம். பெல்ட்டை இழுத்துப் பாத்தேன், சுத்தம்.

சீட்டு இருபது இஞ்ச். ஒரே ஒரு இஞ்ச் வித்தியாசம்! சேரை ஒட்டி நிறுத்திட்டு, கையை ஊனி, நானே ஏறிட்டேன். தட்டையான சீட்டு, வழுக்கிட்டுப் போய் உக்காந்தேன். கதவு அகலமாத் திறந்து நிக்குது. கூரை உசரம், தலை முட்டல. சேரோட சக்கரம் ரெண்டையும் கழட்டிப் பின்னாடி போட்டேன், சட்டத்தை மடி மேல தூக்கி அந்தப் பக்கம் வெச்சேன். நடுவுல பெட்டியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. கதவைச் சாத்துனேன். உள்ள நான் மட்டும் இருந்தேன். யாரும் தூக்கல.

கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அன்வர் அண்ணன் கண்ணாடியைத் தட்டி, "என்னம்மா, ஏதாச்சும் ஆச்சா?"ன்னாரு. ஒண்ணுமில்லன்னேன்.

அவருக்கு இந்த வண்டி புடிக்கல. "கெழடும்மா இது. ரெண்டாவது மாடல் நல்லதா ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்ஜின் கல்லு மாதிரி. சீட்டுக்கு அடியில கட்டை குடுத்து ஏத்தித் தர்றேன்."

"ஏத்துனா தலை இடிக்குமே அண்ணா."

"குனிஞ்சுக்கலாம்மா."

"குனிஞ்சு குனிஞ்சு போறதுக்கு வேன்லயே போலாமே."

அவரு சிரிச்சாரு. ஆனா, "மூணு வருஷத்துல கையைக் கடிக்கும், அப்ப என்னைத் திட்டக்கூடாது"ன்னு கறாரா சொல்லிட்டாரு. அவரு சொல்லறது நெசமாவும் இருக்கலாம்.

என்ற முடிவு: புதுசு பாக்கறவங்களுக்கு நல்லா இருக்குது. நடுவுலது ஓட்டறவனுக்கு நல்லா இருக்குது. பழசு தான் எனக்கு நல்லா இருக்குது. என்ற சேமிப்புலயே முடிஞ்சுது, யார்கிட்டயும் கையேந்தல.

ஜூலை 26, வெள்ளி

லீவர் மாட்டியாச்சு. தள்ளுனா பிரேக்கு, இழுத்தா வேகம். கியர் குமிழ்லயே கிளட்ச்சுக்கு ஒரு பொத்தான். ஆர்டிஓ ஆபீஸ்ல பாத்து ஒத்துக்கிட்டாங்க. இன்ஸ்பெக்டர் ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னாரு. அவரு எறங்கச் சொன்னதுக்கப்பறமும் இன்னொரு ரவுண்டு ஓட்டுனேன்.

வண்டி வாசல்ல நிக்குது. அம்மா கோலம் போடறப்ப அதைச் சுத்திப் போட்டுச்சு. திரும்பிப் பாக்கல.

ஜூலை 29, திங்கள்

மொத நாள் கம்பெனிக்கு. அவிநாசி ரோட்டுல பஸ்காரன் ஒருத்தன் என்னைத் தள்ளிட்டுப் போகப் பாத்தான். விடுவேனா!

கேட்ல வாட்ச்மேன் உள்ள குனிஞ்சு பாத்துட்டு, "மேடம், ஓட்டிட்டு வந்தவரு எங்க?"ன்னாரு. பழனிச்சாமியண்ணன் ஓடி வந்து கதவைத் திறந்தாரு, தூக்கக் கையை நீட்டுனாரு. அப்பறம் அவராவே கையைப் பின்னால இழுத்துக்கிட்டு, "நீயே எறங்கு கண்ணு, நான் பாக்கறேன்"ன்னாரு. எறங்குனேன். அவரு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

அந்த மாத்து டிரைவர் வேன் பக்கத்துல பீடி குடிச்சுக்கிட்டு நின்னான். சாயங்காலம் போறப்ப அவன் பக்கத்துல கொண்டு போய் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிச்சேன். நல்லா நீளமா. பீடியைக் கீழ போட்டுட்டு ஒதுங்குனான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதவே புடிக்கல, ஆனா எழுதறேன். பூண்டி தாண்டறப்ப வண்டி கொதிச்சு நின்னுருச்சு. புகை. உச்சி வெயில். ஏசி இல்லாத வண்டிக்குள்ள வேர்த்து ஊத்துது.

லாரிக்காரர் ஒருத்தர் எறங்கி வந்து, "அம்மிணி, தூக்கி அந்த மரத்தடியில உக்கார வெக்கட்டுமா?"ன்னாரு. நல்ல எண்ணத்துல தான் கேட்டாரு. வேண்டாங்கண்ணா, தண்ணி மட்டும் ஊத்திக் குடுங்கன்னேன். ரேடியேட்டர் ஆறட்டும்னு அவரும் பேசிக்கிட்டே நின்னாரு. எதித்தாப்ல கடை போட்டிருந்த அக்கா எளநீ கொண்டாந்து குடுத்துச்சு. சேட்டையைப் பாரு, "புது வண்டியா எடுத்திருக்கலாம்ல கண்ணு"ன்னு வேற ஒரு வார்த்தை.

எடுத்திருக்கலாம். சிவப்புத் தும்பி ஜில்லுனு இருந்திருக்கும். கதிரேசன் ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து போயிருப்பேன். மேடையில வெண்ணிலாக்கா நின்னிருக்கும். நான் மொத வரிசையில உக்காந்து கை தட்டியிருப்பேன்.

அடச்சீ. ஹோஸ் பைப் ஒண்ணு ஓட்டையாம், மாத்தியாச்சு. கொதிச்சாலும் என்ற வண்டி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

குலதெய்வத்துக்கு மொதப் பத்திரிகை வெக்கப் போகோணும். லோகு வண்டி சர்வீஸுக்குப் போயிருந்துச்சு. ரெண்டு மாசமா நானும் அவனும் சரியாப் பேசிக்கல. வாசல்ல வந்து நின்னு, செருப்பைப் பாத்துக்கிட்டே, "கோயிலுக்குக் கொண்டுபோய் விடறியா?"ன்னான்.

சேரைப் பின்னாடி போட்டுட்டு அவனைப் பக்கத்துல உக்கார வெச்சேன். போற வழி முச்சூடும் அவன் இல்லாத பிரேக்கைக் காலால மிதிச்சுக்கிட்டே வந்தான். ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்துச்சு, நான் அலுங்காம நிறுத்துனேன். "நல்லாத்தான் ஓட்டறே"ன்னான்.

"சீரும் நல்லாத்தான் செய்வேன்."

கோயில் ரோட்டுக்குத் திரும்புனோம். அப்பறம், "மண்டபத்து மேடைக்கு ஏழெட்டுப் படி இருக்கு தாரணி. நீ செய்யோணும்னா நான் தூக்கிட்டுப் போறேன். நானே தூக்கறேன், வேற யாரும் வேண்டாம்"ன்னான். அவன் மனசாரத்தான் சொன்னான், அது எனக்குத் தெரியும்.

"தூக்கிட்டுப் போனா அது நீ செய்யற சீருடா அண்ணா. நான் செய்யறது ஆகாது."

"அப்ப எப்படித்தான் ஏறுவே?"

எனக்கும் தெரியல. தெரியலன்னு அவன்கிட்டச் சொல்லல. கோயில்ல பூசாரி பத்திரிகையை வாங்கி, "சீர்காரி யாரு?"ன்னு கேட்டாரு. லோகு துன்னூறை எடுத்துப் பூசிக்கிட்டான். நான் சொன்னேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மண்டபத்து ரூம்ல உக்காந்து எழுதறேன். நாளைக்குக் காலையில முகூர்த்தம், சீரு மொத நாள் ராத்திரியே.

மத்தியானம் எல்லாரும் மண்டபம் இருக்கற கோபிக்குக் கெளம்புனாங்க. ஒறம்பரைக்கு வேன் வந்துச்சு. அம்மா வேன்ல ஏறப் போச்சு, படியில ஒரு கால் வெச்சுது. அப்பறம் எறங்கி வந்து என்ற வண்டிப் பின் கதவைத் திறந்து உக்காந்துக்கிச்சு. சேரோட சக்கரம் ரெண்டையும் மடியில எடுத்து வெச்சுக்கிச்சு. பட்டுப்புடவையில கறை ஆகும்மான்னேன்.

"ஆகட்டும். ஏசி போடு."

"ஏசி வேலை செய்யாதும்மா."

"அப்ப சன்னலைத் திற, போலாம்."

நம்பியூர் வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்பறம் திடீர்னு, "உங்கப்பா இருந்திருந்தா முன்னால உக்காந்திருப்பாரு"ன்னுச்சு. நான் ரோட்டைப் பாத்து ஓட்டுனேன். கண்ணு கலங்குனா ரோடு தெரியாதுல்ல.

மண்டபத்து வாசல்லயே படி. பெரியப்பா, மாமான்னு நாலஞ்சு பேர் தூக்க ஓடி வந்தாங்க. நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனேன். காய்கறி மூட்டை, சிலிண்டர் எல்லாம் எறக்கறதுக்கு அங்க சாய்தளம் இருக்குது. அது வழியா ஏறி, சமையல்காரங்க வெங்காயம் வெட்டற நடுவுல பூந்து, பந்தி ஹால் வழியா மேடைக்கு முன்னால போய் நின்னேன். பட்டுப்புடவையோட சாம்பார் வாசத்துல வந்த சீர்காரி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மேடைக்கு ஏழு படி. மேல லோகு வேட்டி கட்டி, மாலை போட்டு நிக்கறான். வெண்ணிலாக்கா அந்த மாம்பழப் பட்டு ஜாக்கெட்ல பக்கத்துல நிக்குது. நான் வெட்டுன ஜாக்கெட், நல்லாத்தான் பொருந்தியிருக்குது. கூறைப்புடவையைப் பிரிச்சு ஒரு முனையை லோகு கையிலயும் மறு முனையை அக்கா கையிலயும் குடுத்துட்டாங்க.

"நான் இருக்கறேன்"னு சத்தமாச் சொன்னேன். மேளக்காரங்க நிறுத்திட்டாங்க.

பெரியப்பா மேல இருந்தே, "சரி சரி, புள்ள ஆசைப்படுது. டேய், ரெண்டு பேரு போய் அதைத் தூக்கிட்டு வாங்கடா"ன்னாரு. அதை! ரெண்டு பேரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாங்க. நான் சக்கரத்துக்குப் பிரேக்கைப் போட்டேன்.

"என்னைத் தொட்டீங்கன்னா கத்துவேன். மைக்கு இல்லாமயே கோபி முழுக்கக் கேக்கும்."

நின்னுட்டாங்க. வீடியோக்காரன் கேமராவை என்ற பக்கம் திருப்பிட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க மொத வரிசையில உக்காந்து பாக்கறாங்க. பாக்கட்டும்னு நெனச்சேன், ஆனா உள்ள பயம் தான். இல்லேன்னு சொன்னா பொய்.

"அப்பறம் எப்படித்தான் செய்யறதாம்?"ன்னாரு பெரியப்பா.

நான் லோகுவைப் பாத்துச் சொன்னேன். "அண்ணா, நீ எறங்கி வா."

"அலங்காரம் பண்ணி மேடை ஏறுன மாப்பிள்ளை எறங்கறதாவது!"ன்னு பெரியப்பா கத்துனாரு. ஆளாளுக்கு ஒண்ணு பேசுனாங்க. நல்ல காரியத்துல இப்படியா, என்னா ராங்கி பாரு, வளத்த வளப்பு அப்படின்னு எல்லாம் காதுல விழுந்துச்சு. லோகு அசையல. பெரியப்பாவைப் பாத்தான், பொண்ணு வீட்டுக்காரங்களைப் பாத்தான், என்னை மட்டும் பாக்கல.

அசைஞ்சது வெண்ணிலாக்கா தான். புடவை முனையைக் கையில புடிச்சுக்கிட்டே படியில கால் வெச்சுது. "நில்லு வெண்ணிலா"ன்னு பெரியப்பா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படியா எறங்கிச்சு. புடவை மடிப்பு மடிப்பாப் பிரிஞ்சு மேல இருந்து கீழ வரைக்கும் நீண்டுக்கிட்டே வந்துச்சு. என்ற முன்னால வந்து முனையை எங்கையில வெச்சுது. "இது என்ற வேலை இல்லடி. சொன்னாங்கன்னு ஒத்துக்கிட்டேன், மனசு ஒப்பல"ன்னு சொல்லிட்டு அக்கட்டால போய் அம்மா பக்கத்துல நின்னுக்கிச்சு.

இப்ப ஒரு முனை எங்கையில. மறு முனை மேல அவன் கையில. சீருப் புடவையைக் கீழ விடக்கூடாது. விட்டா அபசகுனம், அது அவனுக்கும் தெரியும், ஹால்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தூக்கிப் பழகுன கை அவனுது. அந்த வாழைநாருக்கப்பறம், மறு முனையை நான் புடிச்சிருக்க அது எதையும் புடிச்சதில்ல.

புடவை விறைப்பா நின்னுச்சு. அப்பத்தான் லோகு என்னைப் பாத்தான்.

நான் இழுத்தேன்.

அவன் விடல. எறங்கி வந்தான்.